அடையாறு முகத்துவாரத்தைச் சுற்றி ஒரு நடை

பெங்களூரில் கடல் இல்லை. விடுமுறைக்குச் சென்னை போகும் நம் குடும்பங்கள் மெரினாவோடு திரும்பிவிடுகின்றன. ஒரு நாள் ஒதுக்கி, அடையாறு கடலில் கலக்கும் இடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள்.

பெசன்ட் நகர் கடற்கரையில் வடக்கே நடந்தால் உடைந்த பாலம் வரும். 1967-ல் கட்டியது, 1977-ல் நீரோட்டத்தில் ஒரு பகுதி விழுந்தது. அதன்மேல் ஏற வேண்டாம். எதிர்க்கரையில் சீனிவாசபுரம் கூப்பிடு தூரத்தில் தெரியும். பல கோடைகளில் நடுவே மணல் திட்டு அடைத்திருக்கும். என் பேரன் செருப்பைக் கழற்றி இறங்கியே விட்டான். கையைப் பிடித்து இழுத்தேன். காரணம் உண்டு. ஆண்டில் பெரும்பகுதி அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. (துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால்தான் மெரினா அகன்றது.) ஆற்றில் நீர் குறைந்தால் அந்த மணல் வாயை மூடும், நீர் பெருகினால் திட்டை அறுத்துக்கொண்டு ஓடும். அது எந்நேரம் என்று திட்டில் நிற்பவருக்குத் தெரியாது.

ஆகவே வந்த வழியே திரும்பி, பிரம்மஞான சபையைச் சுற்றி, திரு.வி.க. பாலத்துக்கு வாருங்கள். 1840-ன் எல்பின்ஸ்டன் பாலத்துக்குப் பதிலாக 1973-ல் வந்தது இது. நாற்றத்துக்குக் கைக்குட்டை அவசியம். பிறகு பட்டினப்பாக்கம் வழியாகச் சீனிவாசபுரம். வெயில் தாழ அங்கே நின்றால், காலையில் நின்ற உடைந்த பாலம் எதிரே தெரியும்.