பிராகுக்காக அடித்த மணி

வாத்தியங்களை நரம்புக்கருவி, துளைக்கருவி, தோற்கருவி, கஞ்சக்கருவி என்று நான்காகப் பிரிப்பது நம் மரபு. மேற்கத்திய ‘விண்ட் பேண்டு’ முதல் வகையை நம்பியதில்லை. வயலின் வரிசை இல்லை, ஊதுகிறவர்களும் அடிக்கிறவர்களும்தான். அணிவகுப்புக்கு வாசிக்கிற கூட்டம் என்று இதை ஒதுக்குகிறவர்கள், கரெல் ஹுசாவின் ‘பிராகுக்கான இசை, 1968’ ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

ஹுசா 1921இல் பிராகில் பிறந்தவர். 1954 முதல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணி. 1968 ஆகஸ்ட் 21 அன்று சோவியத் தலைமையிலான படைகள் தன் ஊருக்குள் புகுந்த செய்தியை வானொலியில் கேட்டார். அருகிலிருந்த இத்தாக்கா கல்லூரியின் இசைக்குழுவுக்காக அப்போது அவர் எழுதிய படைப்பு இது.

தொடக்கத்தில் பிக்கலோ என்ற சின்னஞ்சிறு குழல் தனியே ஒலிக்கிறது. அது சுதந்திரத்தின் பறவை. அதற்கு அடியில், காதைத் தீட்டினால்தான் கேட்கிற அளவுக்கு மெல்ல, டிம்பனி முரசு ஒரு மெட்டின் முதல் துண்டைத் தட்டுகிறது. 15ஆம் நூற்றாண்டில், செக் சமயச் சீர்திருத்தவாதி ஹுஸின் வழியினர் போருக்குப் போகும்போது பாடிய பாட்டு அது. செக் மக்களுக்கு எதிர்ப்பின் அடையாளம். டிம்பனியைச் சுருதி சேர்க்க முடியும் என்பதால்தான் முரசால் மெட்டுச் சொல்ல முடிகிறது.

நான்கு பகுதிகளில் என்னைக் கட்டிப்போடுவது மூன்றாவது. ஊதுகிறவர்கள் எல்லோரும் மௌனம். தாளக்கருவிகள் மட்டுமே ஒலிக்கின்றன. கோபுரங்கள் நிறைந்த பிராகில் தேவாலய மணிகள் வெற்றிக்கும் அடித்தன, ஆபத்துக்கும் அடித்தன. அந்த மணிகளைத்தான் இந்த உலோகங்கள் நினைவுபடுத்துகின்றன. மூச்சுவிடும் மனிதர்களை விலக்கிவிட்டு வெறும் மணியை ஒலிக்கவிட்டதைவிட, வாயடைக்கப்பட்ட ஒரு நகரத்தை இசையில் எப்படிச் சிறப்பாகக் காட்டுவது? முடிவில் ஸ்நேர் டிரம்மின் உருட்டல் சன்னமாகத் தொடங்கி, பெருகிப் பெருகி, இடைவெளி விடாமல் கடைசிப் பகுதிக்குள் பாய்கிறது. அங்கே பித்தளைக் குழல்கள் முழு வலிமையில் ஊதுகின்றன.

முதலில் டிம்பனி முணுமுணுத்த அந்தப் போர்ப்பாட்டை, முடிவில் குழு முழுதும் ஒரே குரலில் எழுப்புகிறது. ஆனாலும் பாட்டு எங்கும் முழுமையாக வருவதில்லை. அதை முடித்துவைக்க ஹுசாவுக்கு மனம் ஒப்பவில்லை.

1969 ஜனவரியில் வாஷிங்டனில் அரங்கேறிய இசை, செக்கோஸ்லோவாக்கியாவில் பல்லாண்டு ஒலிக்க முடியாமல் இருந்தது. ஆட்சி மாறிய பிறகு, 1990 பிப்ரவரியில், ஹுசாவே பிராகில் நின்று அதை நடத்தினார்.