திண்ணை வீதிகள்

மக்கள் நெருங்கி வாழும் நகரில் நிழலும் காற்றும் அண்டை வீட்டார் உறவும் ஒருங்கே கிடைத்தல் அரிது. ஆயினும், சிறிய நிலப்பரப்பில் பல்லாயிரவர் கூடி வாழ்ந்தும், ஒருவர்க்கொருவர் இடையூறாகாமல் துணையாக விளங்குமாறு அமைந்த ஊர்கள் சில உண்டு. வங்கக் கடலோரத்தில் உள்ள புதுச்சேரியின் பழைய நகரம் அவற்றுள் ஒன்று. அந்நகரத்து வீடுகளின் அமைப்பை அறிந்தால், நெருக்கத்திலும் இனிது வாழும் வழி புலப்படும்.

கி.பி. 1674 முதல் பிரான்சுவா மர்த்தேன் என்னும் பிரெஞ்சுக்காரர் இங்கே ஒரு வணிக நிலையத்தை வளர்த்தார். 1693-இல் ஊரைக் கைப்பற்றிய டச்சுக்காரர் நேரான வீதிகளுக்குத் திட்டம் வகுத்தனர். 1699-இல் ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1761-இல் ஆங்கிலேயர் அதனை வென்று, கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765 முதல் பிரெஞ்சுக்காரர் நகரைப் புதுப்பித்தபோது பழைய வீதிகளின் வழியிலேயே வீடுகள் எழுந்தன. வீடுகள் அழிந்தும் வீதிகள் நிலைத்தன.

நகரம் முட்டை வடிவினது. மேற்கு எல்லையிலிருந்து இருபது நிமிடம் நடந்தால் கடற்கரையை அடையலாம். இடையே வடக்குத் தெற்காக ஓடும் பெருவாய்க்கால் நகரை இரண்டாகப் பிரிக்கின்றது. அதன் கிழக்கே பிரெஞ்சுக்காரர் வாழ்ந்தனர். மேற்கே தமிழர் வாழ்ந்தனர். கிழக்குப் பகுதி வீடுகள் உயர்ந்த மதிலும் பெரிய வாயிற்கதவும் உடையவை. அவற்றின் அழகெல்லாம் மதிலுக்கு உள்ளே தோட்டத்தை நோக்கி அமைந்திருக்கும். மேற்குப் பகுதி வீடுகளோ வீதியை நோக்கி முகம் மலர்ந்து நிற்பவை.

தமிழர் வீட்டின் முகப்பில் முதலில் இருப்பது தாழ்வாரம். மரத் தூண்கள் தாங்க, ஓடு வேய்ந்து, வீதிப் பக்கம் சரிந்து இறங்கும் கூரை அது. அதன் நிழல் வீட்டாருக்கு மட்டும் உரியதன்று. வெயிலிலும் மழையிலும் வீதியில் நடப்பார்க்கும் உரியது. வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்பதால், ஒரு தாழ்வாரத்தின் நிழல் அடுத்த தாழ்வாரத்தின் நிழலோடு சேர்ந்து நெடுவழியாகும். அதனை அடுத்து உள்ளது திண்ணை. விருந்தினரும் வழிப்போக்கரும் அமர்ந்து இளைப்பாறுதற்கென்றே கட்டப்பெற்ற மேடை அது. அதனைக் கடந்து நடை வழியாக உள்ளே சென்றால், வானம் பார்த்த முற்றம் தோன்றும். அறைகள் யாவும் அதனைச் சூழ்ந்து நிற்கும்.

இவ்வமைப்பின் பயனை நண்பகலுக்குப் பின் நன்கு உணரலாம். பகலில் நிலம் கடலினும் விரைந்து சூடேறுகின்றது. நிலத்தின் மேலுள்ள காற்று வெம்மையால் மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வீசுகின்றது. கிழக்கு மேற்காக ஓடும் நேரான வீதிகள் அக்காற்றுக்குக் கால்வாய்போல் உதவுகின்றன. வீட்டினுள் சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே செல்ல, வாயில் வழியாகப் புதுக்காற்று புகுகின்றது. பக்கச் சுவர்களில் சாளரம் வைக்க இடமில்லாத ஒட்டுவீட்டிற்கு முற்றமே மூக்கு ஆகும்.

சுவர்களிலும் ஒரு நுட்பம் உண்டு. கடற்காற்றில் உப்பும் ஈரமும் கலந்துள்ளன. செங்கற் சுவரில் புகும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு தடுத்து வைப்பதில்லை. வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டுப் பூச்சு இட்டால் ஈரம் உள்ளேயே தங்கும்; உப்பு செங்கல்லை அரிக்கும்; பூச்சும் நாளடைவில் உதிரும். ஆதலால், பழைய சுவரைப் பழுதுபார்ப்பவர் பழைய முறையை அறிந்திருத்தல் வேண்டும்.

பழமை என்பதற்காக யாவற்றையும் புகழ்தல் தகாது. செட்டித் தெரு, வெள்ளாளர் வீதி முதலிய பெயர்களே பண்டை நாளில் மக்கள் குலத்தால் பிரிந்து வாழ்ந்தமையைக் காட்டும். அக்காலத் திண்ணைகளில் எல்லார்க்கும் சமமான இடம் இருந்ததில்லை. அக்குறை திண்ணையின் குறையன்று. அமர்ந்தோர் மனத்தின் குறை. இந்து, கிறித்தவர், முஸ்லிம் ஆகிய மூவர் வாழும் வீதிகளிலும் திண்ணையும் முற்றமும் உடைய வீடுகள் இருத்தல், இவ்வமைப்பு எவர்க்கும் பொதுவாகத் தக்கது என்பதை உணர்த்தும்.

இருவேறு நாகரிகங்கள் ஒரே கூரையின்கீழ் இணைந்ததும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் புகழ்பெற்ற நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அதற்குச் சான்று. அதன் கீழ்த்தளம் மரத்தூண்களுடன் தமிழர் முறையிலும், மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்துள்ளன.

இத்தகைய வீடுகள் இன்று குறைந்து வருகின்றன. ஒரு குடும்பத்தின் வீடு பல பங்காளிகளுக்கு உரியதாகும்போது, பழுதுபார்க்கும் பொறுப்பை ஏற்க யாரும் முன்வருவதில்லை. நிலத்தின் விலையோ ஏறுகின்றது. திண்ணையை இடித்துக் கடை வைத்தால் வாடகை வரும். வாகனம் நிறுத்த இடமும் கிடைக்கும். வீட்டுக்காரரின் தேவை பொய்யன்று. ஆயினும், ஒரு திண்ணை மறைந்தால் வீதி முழுவதும் சிறிது நிழலை இழக்கின்றது. கவனிப்பாரற்ற கட்டடம் தானாகவும் வீழும். கடற்கரையில் நின்ற 'மேரி' என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டு நகராட்சி மாளிகை, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து வீழ்ந்தது. அதே தோற்றத்தில் மீண்டும் கட்டப்பெற்று 2021-இல் அது திறக்கப்பெற்றது. அரசு மாளிகைக்குக் கிட்டிய அந்நற்பேறு எளியோர் வீட்டிற்குக் கிட்டுதல் அரிது.

எனினும், நம்பிக்கைக்கு இடம் உண்டு. கால்வே சுப்பராய செட்டி வீதி என்னும் வைசியாள் வீதியில், வீட்டுக்காரரும் மரபுக் காப்பாளரும் அரசினரும் கூடிப் பல வீடுகளின் முகப்பைச் செப்பனிட்டனர். மறைந்த தாழ்வாரங்கள் மீண்டும் நிழல் பரப்பின. அவ்வீதிக்கு 2008-இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஒருவரால் இயலாதது ஒரு வீதியார் கூடியபோது இயன்றது.

எல்லாரும் தத்தம் எல்லை வரை மதில் எழுப்பினால் மிஞ்சுவது வெயில் காயும் வீதியே. ஒவ்வொருவரும் தம் நிலத்தில் நான்கு அடியைப் பிறர்க்கு ஈந்தால், ஊர் முழுவதும் நிழலில் நடக்கலாம். தமக்கெனக் கட்டிய வீட்டில் பிறர்க்கும் ஓர் இடம் வைத்தலே புதுவையின் திண்ணை வீதிகள் கற்பிக்கும் பாடமாகும்.