ஒரே பெயர், இரண்டு கோழிகள்

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஆடம்ஸ்வில் என்றொரு சிற்றூர். அங்கே 1925இல் ஒரு கோழிக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். ரோட் ஐலண்ட் ரெட் என்ற அந்தச் செங்கோழி 1954இல் மாநிலப் பறவையும் ஆனது. அதை உருவாக்கியவர்கள் அந்த வட்டாரத்துப் பண்ணைக்காரர்கள். மலாய்ச் சேவல் முதலான ஆசியக் கோழிகளை உள்ளூர்க் கோழிகளோடு சேர்த்து, குளிர் தாங்கும், முட்டையும் கறியும் தரும் ஒரு பறவையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்தார்கள்.

இன்று அந்நாட்டில் கொல்லையில் நாலைந்து பெட்டைகள் வளர்க்க விரும்புகிறவருக்கு இந்த இனம் இரண்டு இடங்களில் கிடைக்கிறது. ஒன்று, ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்துத் தபாலில் அனுப்பும் ஹேச்சரி. மற்றொன்று, கண்காட்சிக்கென்று வளர்ப்பவரின் கூண்டு. இரண்டிலும் பெயர் ஒன்றுதான். ஒருநாள் குஞ்சுகளாகப் பார்த்தால் பழகாத கண்ணுக்கு வேறுபாடும் தெரியாது. எட்டு மாதம் கழித்து அருகருகே நிறுத்திப் பாருங்கள். கண்காட்சிக் கோழி கறுப்பைத் தொடும் அடர்சிவப்பில், செங்கல்லை நெடுக்காக வைத்ததுபோல் நீண்ட உடலோடு நிற்கும். ஹேச்சரிக் கோழி வெளிறிய செம்மண் நிறத்தில், மெலிந்து சிறுத்திருக்கும்.

இந்த இனம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு எழுதிவைத்த இலக்கணம் உண்டு. அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் 1873இல் பஃபலோ நகரில் தொடங்கியது. மறு ஆண்டே தன் முதல் இலக்கண நூலை வெளியிட்டது. நாம் காளைக்குச் சுழி பார்ப்பதுபோல அதில் கொண்டை, காது மடல், முதுகின் சாய்வு, கால் நிறம் எல்லாம் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. ஒற்றைக் கொண்டை ரோட் ஐலண்ட் ரெட் 1904இல் அதில் இடம்பெற்றது. சேவல் எட்டரை பவுண்டு, அதாவது ஏறக்குறைய 3.9 கிலோ இருக்கவேண்டும். பெட்டை ஆறரை பவுண்டு.

எழுத்தில் இவ்வளவு இருந்தும் ஹேச்சரிக் கோழி ஏன் வேறாகிப்போகிறது? யாரோ ஏமாற்றி வேறு இனத்தைக் கலந்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். சில சமயம் அதுவும் நடக்கலாம். ஆனால் யாரும் எதையும் கலக்காமலேயே இந்த மாற்றம் நிகழும். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஹேச்சரியின் பெரிய கொட்டிலில் பல சேவல்களும் நூற்றுக்கணக்கான பெட்டைகளும் கலந்து திரிகின்றன. எந்த முட்டை யாருடையது என்று யாரும் குறித்துவைப்பதில்லை. எல்லாம் பொரிப்பான் எந்திரத்துக்குள் போகின்றன. ஆண்டுக்கு 280 முட்டை இடும் பெட்டைக்கு, 140 இடும் பெட்டையைவிட இரண்டு மடங்கு பிள்ளைகள். அடுத்த தலைமுறைக்கும் அந்தக் குஞ்சுகளிலிருந்தே தாய்க்கோழிகளை எடுத்தால் அதிகம் இடுபவளின் வம்சமே பெருகும். அடைக்கு உட்காரும் பெட்டை வாரக்கணக்கில் முட்டையிடுவதை நிறுத்திவிடும் அல்லவா? அவளுடைய பங்கு குறைந்துகொண்டே வரும். இப்படிப் பல தலைமுறை போனால் முட்டை கூடும், உடல் சிறுக்கும், அடைகாக்கும் குணம் மங்கும். நிறத்தையும் முதுகையும் யாரும் பார்த்துக் கழிக்காததால் அவை போன போக்கில் போகும்.

குஞ்சாகவே விற்றுவிடுவதால் ஹேச்சரி தான் விற்ற கோழியை வளர்ந்த நிலையில் பார்ப்பதே இல்லை. பொரிவதற்குச் சற்றுமுன் குஞ்சு மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அந்தச் சேமிப்பில் தீனியும் நீரும் இல்லாமல் மூன்று நாள்வரை தாங்கும். அதனால்தான் 1918இல் அமெரிக்க அஞ்சல் துறையால் குஞ்சுகளை ஏற்றுக்கொள்ள முடிந்தது, இந்தத் தொழிலே வளர்ந்தது.

முட்டை கூடினால் நல்லதுதானே என்று கேட்கலாம். கொல்லையில் வளர்ப்பவருக்கு முதல் இரண்டு ஆண்டு நல்லதுதான். ஆனால் அதற்கு விலை கொடுப்பது பெட்டை. ஒவ்வொரு ஓட்டுக்கும் ஏறத்தாழ இரண்டு கிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டும். தீனியில் போதாததை அவள் எலும்பிலிருந்து எடுக்கிறாள். மூன்றாம் ஆண்டில் கருமுட்டை வயிற்றறைக்குள் விழுந்து சீழ்பிடிப்பதும், முட்டைக்குழாய் வெளியே பிதுங்குவதும் கொல்லைக்காரர்கள் அதிகம் காணும் துயரங்கள். மனிதரின் சினைப்பைப் புற்றுநோயை ஆராய்பவர்கள் முட்டைக்கோழியைத் தேர்ந்தெடுப்பதும் அந்த நோய் அவளுக்குத் தானாகவே வருவதால்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்த்த பெட்டை கண்முன்னே சுருண்டு கிடப்பதைப் பார்த்தவர்கள், குறைவாக இட்டு நெடுநாள் வாழும் கோழியைத் தேடுவதில் எனக்கு வியப்பில்லை.

அதற்காகக் கண்காட்சிக்காரர் பக்கம் முழு நியாயம் இருக்கிறது என்று சொல்லமாட்டேன். இலக்கண நூல் கண்ணுக்குத் தெரிவதைத்தான் அளக்கும். நடுவர் மேசைமேல் ஒரு பெட்டை கடந்த மாதம் எத்தனை முட்டை இட்டாள் என்பது தெரியாது. சிறகின் பளபளப்புக்காக மட்டும் தேர்ந்தெடுத்த பல வம்சங்கள், பண்ணைக்காரர்கள் எதற்காக இந்த இனத்தை உருவாக்கினார்களோ அந்த முட்டையையே இழந்து நிற்கின்றன. அதுவும் இனத்தின் சிதைவுதான்.

பெயர்க் குழப்பம் நீல முட்டையிடும் கோழிகளில் உச்சத்துக்குப் போகிறது. அமெராக்கானா என்பது 1984இல் இலக்கணம் பெற்ற, தாடியுள்ள இனம். அதை ஒத்த பெயரில் ஹேச்சரிகள் நெடுங்காலம் விற்றவை பெரும்பாலும் கலப்புகள். நீல நிறம் ஓட்டின் முழுக் கனத்திலும் ஊறும். பழுப்பு மேற்பரப்பில் மட்டும் பூசும். கலப்புப் பெட்டையிடம் இரண்டும் சேர்ந்தால் முட்டை பச்சையாகிவிடும். கலப்பு என்று சொல்லி விற்றால் அதில் தவறே இல்லை, அவை துடிப்பான அருமையான கோழிகள்.

ரோட் ஐலண்ட் ரெட்டின் இரண்டு வம்சங்களையும் மீண்டும் சேர்க்க முயல்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல உடல்கட்டுள்ள கண்காட்சிச் சேவலை ஹேச்சரிப் பெட்டைகளோடு விடுகிறார்கள். முதல் தலைமுறையில் நிறம் திட்டுத்திட்டாக வரும், பலர் அங்கேயே மனம் தளர்ந்துவிடுவார்கள். தொடர்பவர்கள் பெட்டை நுழைந்ததும் கதவு தானே விழுந்துவிடும் முட்டைக்கூடுகள் வைத்து, காலில் எண்வளையம் மாட்டி, யார் எந்த நாளில் இட்டாள் என்று நோட்டில் எழுதுகிறார்கள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வளர்ந்த வெடைக்கோழிகளைத் தராசில் வைத்து, இறகைக் கையால் விலக்கி அடித்தூவி தோல்வரை சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து, பத்தில் ஒன்றிரண்டை மட்டும் அடுத்த ஆண்டுக்கு நிறுத்திக்கொள்கிறார்கள்.