641 உடைத்த நம்பிக்கை

முப்பத்திரண்டு இரண்டுகளைத் தமக்குள் பெருக்கி வரும் தொகையோடு ஒன்றைக் கூட்டினால் 429,49,67,297 என்னும் பத்து இலக்க எண் கிடைக்கிறது. இது ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண், அதாவது பகா எண் என்று 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா உறுதியாக நம்பினார்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமலில்லை. இரண்டின் அடுக்காக 1, 2, 4, 8, 16 ஆகியவற்றை வைத்து, வரும் தொகையோடு ஒன்றைக் கூட்டினால் முறையே 3, 5, 17, 257, 65,537 கிடைக்கின்றன. ஐந்துமே பகா எண்கள். அடுத்த அடுக்கான 32-லும், அதற்கு மேலும் இவ்வொழுங்கு நீளும் என்று 1640-இல் கடிதங்களில் எழுதிய ஃபெர்மா, தம்மிடம் அதற்கு நிறுவல் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆயினும் அதனைச் சோதிப்பதற்கான கருவி அவர் கையிலேயே இருந்தது. பகா எண்ணால் வகுபடாத எந்த எண்ணையும், அப்பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி ஒன்றே வரும் என்ற தேற்றத்தை அதே ஆண்டில் கூறியவரும் அவரே. இரண்டை வைத்துச் சோதித்தால் 429,49,67,297 பகா எண்ணைப் போலவே தேறிவிடுகிறது. மூன்றை வைத்துச் சோதித்தாலோ மீதி ஒன்று வருவதில்லை.

கணித அறிஞர் ஆய்லர் 1732-இல் இந்த எண் 641-ஆல் வகுபடும் என்றும், 641, 67,00,417 ஆகிய இரண்டின் பெருக்கற்பலனே இது என்றும் காட்டினார். நேர்வழியில் தேடுபவர் இதன் வர்க்கமூலம் வரையுள்ள 6,542 பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் இதன் பகாக் காரணி எதுவும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடியதாகவே இருக்கும் என்று ஆய்லர் பின்னர் நிறுவினார். அந்த நிபந்தனைக்குள் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று தொடங்குவதால், ஐந்தாவது முயற்சியிலேயே விடை அகப்பட்டுவிடுகிறது. கணிதத்தின் உண்மையான வலிமை இத்தகைய குறுக்கத்தில்தான் இருக்கிறது.

பெரும் வகுத்தல் எதுவுமின்றியே இதனைச் சரிபார்க்கலாம். 5-ஐ 2-இன் ஏழாம் அடுக்கால் பெருக்கினால் 640. அது 641-க்கு ஒன்று குறைவு என்பதால், அதன் நான்காம் அடுக்கை 641-ஆல் வகுத்தால் மீதி 1. அந்த நான்காம் அடுக்கு என்பது 625-ஐ 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கியதாகும். 625-ஓ 641-க்கு 16 குறைவு. எனவே 625-க்குப் பதிலாக மைனஸ் 16-ஐ வைத்தாலும் மீதி மாறாது. 16 என்பது 2-இன் நான்காம் அடுக்காதலால், 2-இன் 32-ஆம் அடுக்கு மைனஸ் 1-ஐ மீதியாகத் தருகிறது. அதனோடு ஒன்றைக் கூட்டினால் மீதியே இல்லை.

இந்த எண்ணைவிட இரண்டு குறைவான 429,49,67,295-இன் இயல்பு இன்னும் வியப்பானது. 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தையும் பெருக்கினால் வருவது இதுவே. 1796-இல் 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலாலும் காம்பஸாலும் அமைக்க முடியும் என்று கண்ட கணித அறிஞர் காஸின் கோட்பாட்டின்படி, இத்தனை பக்கங்கள் கொண்ட பலகோணத்தையும் அவ்வாறே அமைக்க முடியும். அவ்வாறு அமைக்கக்கூடியதாக இதுவரை அறியப்பட்ட ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கைகளில் இதுவே மிகப் பெரியது.

3, 5, 17 என்று தொடங்கும் இவ்வரிசையின் எண்களான ஃபெர்மா எண்களில் 65,537-க்கு மேற்பட்ட பகா எண் ஒன்றுகூட இதுவரை கண்டறியப்படவில்லை. அப்படி எதுவும் கிடையாது என்று எவரும் நிறுவவுமில்லை.