பழைய டிராக்டரில் கியர் சத்தமா? பிரிக்கும் முன் கவனியுங்கள்

பழைய டிராக்டரில் கியர் சத்தம் கேட்டதும் கியர் பாக்ஸைப் பிரித்துவிடுவது பலர் வழக்கம். பிரித்து மாட்டும் கூலியே பெருஞ்செலவு. சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்தாலே பழுது இருக்கும் இடம் பெரும்பாலும் பிடிபடும்.

பழைய வண்டிகளில் நேர்ப்பல் கியர்கள் அதிகம். ஓடும்போது சீரான இரைச்சல் இயல்பு. புதிதாகச் சேரும் சத்தமே ஆராய வேண்டியது. முதலில் கியர் ஆயில் அளவைப் பாருங்கள். பிறகு சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டுக் கிளட்சை முழுவதும் மிதியுங்கள்.

* மிதித்ததும் சத்தம் நின்றால்: கியர் பாக்ஸின் முன்பக்க பேரிங்குகள் மீது சந்தேகம்.
* மிதிக்கும்போது மட்டும் வந்தால்: கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

அடுத்து, வண்டியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

* ஒரே கியரில் மட்டும் சத்தம்: அந்தக் கியரின் பல் தேய்மானம்.
* எல்லாக் கியரிலும், வண்டி நகரும்போது மட்டும்: பின்பக்க கிரவுன், பினியன்.
* திரும்பும்போது மட்டும்: டிஃபரன்ஷியல்.
* கியர் போடும்போது மட்டும் 'கர்ர்' சத்தம்: கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. பெடல் தளர்வைச் சரிசெய்தாலே பல நேரம் தீரும்.

கடைசியாக, ஆயிலைக் கொஞ்சம் வடித்து வெள்ளைத் துணியில் பாருங்கள். மை போன்ற நுண்தூள் வழக்கமான தேய்மானம். பால் நிறமானால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புத் துண்டு, செதில் கிடைத்தால் வண்டியை அதோடு நிறுத்திவிட வேண்டும். உடைந்த பல் மற்ற பற்களுக்கிடையே சிக்கினால் நல்ல கியர்களும் உடையும். ஓடும் வண்டி திடீரென இறுகி நின்று ஆளையே சாய்க்கலாம்.

கண்டதைத் தாளில் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். தேவையில்லாமல் பிரிக்கும் செலவு மிச்சமாகும்.