பன்னிரண்டு அறைக்கு ஐம்பது முகவரி

ஞாயிற்றுக்கிழமை மதியம். புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் நண்பர் நடத்தும் விடுதி. முதல் நாள் தங்கியவர்கள் காலி செய்துவிட்டுப் போயாயிற்று. புதிதாக வந்தவர்கள் வரவேற்பறையில் பெட்டியோடு நிற்கிறார்கள். பாஸ்வேர்டு சரி, சிக்னலும் முழுசாக இருக்கிறது. ஆனால் போன் திரையில் ‘ஐபி முகவரியைப் பெறுகிறது’ என்ற வரி நகரவே இல்லை.

அந்த வரிக்குப் பின்னால் இருப்பதுதான் டிஎச்சிபி. வைஃபையில் சேர வரும் போனுக்கு முகவரி கிடையாது. யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. அதனால் 255.255.255.255 என்ற பொது முகவரிக்கு, "இங்கே முகவரி தருபவர் உண்டா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி குரல் கொடுக்கிறது. ரௌட்டர், "192.168.1.117 காலியாக இருக்கிறது, வேண்டுமா?" என்கிறது. "அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்று போன் மறுபடியும் எல்லோருக்கும் கேட்கச் சொல்கிறது. இன்னொரு ரௌட்டரும் முகவரி தர வந்திருந்தால் அது ஒதுங்கிக்கொள்ள வேண்டுமே! ரௌட்டர் சம்மதம் சொன்னதும் வேலை முடிந்தது. வெளியே போகும் வாசல் எது, தளங்களின் பெயருக்கு எண் சொல்லும் டிஎன்எஸ் எது என்பதும் கூடவே வந்துவிடும். மொத்தம் நான்கே செய்திகள்.

டிஎச்சிபிக்கு முன்பு, 1985-இல் வந்த பூட்பி முறையில், எந்த இயந்திரத்துக்கு எந்த முகவரி என்று நிர்வாகி முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். 1993 அக்டோபரில் ரால்ஃப் டிராம்ஸ் எழுதிய டிஎச்சிபி விதிமுறை, முகவரியைக் குத்தகைக்கு விட வழி செய்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குத்தகைதான். பாதிக் காலம் கழிந்ததும் போன் தானாகவே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். புதுப்பிக்காவிட்டால், காலம் முடிந்ததும் முகவரி அடுத்தவருக்குப் போகும்.

நண்பரின் விடுதியில் இடித்தது அங்கேதான். ரௌட்டரைத் திறந்து பார்த்தோம். 100 முதல் 149 வரை ஐம்பதே முகவரிகள். குத்தகை 1440 நிமிடம், ஒரு முழு நாள். அறை பன்னிரண்டுதான் என்றாலும் ஆளுக்கொரு போன், அதற்கு மேல் லேப்டாப், கீழ்த்தளத்துக்குக் காபி குடிக்க வருபவர்கள் வேறு. போன்கள் பெரும்பாலும் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஆட்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாதி தூரம் போயிருப்பார்கள். அவர்கள் பெயரில் முகவரி மட்டும் இங்கே பூட்டிக் கிடக்கிறது.

குத்தகையை 120 நிமிடமாகக் குறைத்து, முகவரி வரிசையை 250 வரை நீட்டினோம். ரௌட்டரை அணைத்துப் போட்டதும் எல்லாப் போன்களிலும் நெட் வந்தது.

வாரக் கடைசியில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும் விடுதியோ காபிக் கடையோ நடத்துகிறவர்கள், ரௌட்டரில் குத்தகைக் காலத்தைக் காட்டும் அந்த ‘லீஸ் டைம்’ கட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.