அடங்கலும் ஆகாயப் படமும்

பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கி வந்துவிட்டால், கூடலூரிலிருந்து வீரபாண்டி வரையில் கம்பம் பள்ளத்தாக்கு பச்சைப் பட்டு உடுத்து நிற்கும். இந்த இருபோக நெல் ஆயக்கட்டு 14,707 ஏக்கர் என்று சர்க்கார் கணக்குச் சொல்லுகிறது. ஏக்கர் சரிதான், ஆனால் இந்தப் போகம் அதில் ஏர் பூட்டியவர் யார் என்று கேட்டால் கணக்கு சற்றே தொண்டையைக் கனைத்துக்கொள்ளுகிறது.

இக்கேள்விக்கு விடை காண டில்லியில் பெரிய ஏற்பாடு நடந்து வருகிறது. 2024-ம் வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி மத்திய மந்திரி சபை, 2,817 கோடி ரூபாய்ச் செலவில் டிஜிட்டல் விவசாயத் திட்டத்துக்கு அனுமதி வழங்கிற்று. அதன் பிரதான அங்கத்துக்கு 'அக்ரி ஸ்டாக்' என்று பெயர். பெயரைக் கண்டு நேயர்கள் மிரள வேண்டாம். மூன்று பேரேடுகள்தான் விஷயம்: கிராமத்துப் புலப்படங்களுக்கு ஒன்று, போகந்தோறும் வைக்கும் பயிருக்கு ஒன்று, குடியானவர் பெயருக்கு ஒன்று. மூன்று ஆண்டுகளில் 11 கோடி விவசாயிகளுக்கு ஆளுக்கோர் எண் கொடுப்பதென்பது சங்கல்பம்.

நமக்கு இது முற்றிலும் புதிய சங்கதியல்ல. 1792-ல் பாரமகாலில் ரீடும் மன்றோவும் நிலத்தைக் கணக்கெடுக்கப் புறப்பட்டார்களே, அது வரி வாங்குவதற்காக. பிறகு கர்ணம் அடங்கல் புஸ்தகத்தில் சர்வே எண்ணுக்கு எதிரே பயிரை எழுதி வந்தார். வயலுக்குப் போய்ப் பார்த்து எழுதினவரும் உண்டு; திண்ணையில் சாய்ந்தபடியே சென்ற வருஷத்துப் பயிரை இவ்வருஷமும் விளைவித்துவிட்டவரும் உண்டு! 1980-ல் பரம்பரைக் கர்ண உத்தியோகம் ஒழிந்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அடங்கல் அப்படியே இருந்தது.

இப்போது திண்ணைக்கு இடமில்லை. புலப்படத்தை ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தோடு பொருத்துகிறார்கள். கணக்கெடுப்பவர் கைபேசியுடன் வயலருகே போய் நின்று பயிரைப் படம் பிடிக்க வேண்டும். 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் இவ்வேலைக்கு விவசாயக் கல்லூரி மாணவ மாணவிகளை அனுப்பினார்கள். பாம்பும் தேளும் உலவும் வரப்புகளில் அப்பிள்ளைகளை இறக்கியது பற்றி ஆட்சேபங்கள் எழுந்தன. அவை நியாயமானவையே என்பது நம் அபிப்பிராயம்.

படம் பொய் சொல்லாது. ஆனால் படத்தில் விழுவது பயிர், பாடுபட்டவர் அல்லர். விவசாயி எண்ணுக்கு ஆதாரம் பட்டா. சின்னமனூர்ப் பக்கத்தில் மாமனார் பெயரிலேயே பட்டா நின்றுபோன ஓர் அம்மாளை நினைத்துப் பாருங்கள். கணவர் காலமாகிப் பத்து வருஷமாகிறது. வாழைக்கன்று வைப்பதும் தண்ணீர் கட்டுவதும் அவரே. ஏட்டிலோ, என்றோ மறைந்த மாமனார்தான் இன்னும் விவசாயம் செய்துகொண்டிருக்கிறார்! வாய்வார்த்தைக் குத்தகைக்கு நெல் பயிரிடுகிறவர் நிலை இன்னும் கஷ்டம். வெள்ளத்தில் பயிர் அழிந்தால், நிவாரணம் பட்டாதாரரைத் தேடிப் போகும் ஆபத்து உண்டு. குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. பதியப் போனால் அடுத்த போகம் நிலம் கிடைக்காது என்ற அச்சமே அவரைத் தடுக்கிறது.

போடியிலும் கம்பத்திலும் குடியிருந்துகொண்டு இடுக்கி ஜில்லாவில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களின் நிலம் கேரளக் கணக்கில் ஏறும். விடியற்காலையில் ஜீப் ஏறிப் போய் அங்கே காய் பறிக்கும் நம் பெண்களுக்கோ நிலமே கிடையாது. ஆகவே எந்தக் கணக்கிலும் அவர்கள் பெயர் இல்லை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை பள்ளத்தாக்கில் வருஷம் முழுவதும் காய்க்கிறது. போகத்துக்கு ஒரு படம் அதற்குப் போதுமா என்பதும் யோசிக்கத்தக்கது.

திட்டமே வேண்டாமென்பது நம் வாதமல்ல. கடனுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் அடங்கல் நகல் வேண்டிக் குடியானவர் கச்சேரி வாசலில் கழித்த நாட்களை நாம் அறிவோம். ஆனால் அவரவர் விவரம் அவரவர் சம்மதமின்றிப் பிறர் கைக்குப் போகலாகாது. அதற்கென்று 2023-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. எண் இல்லாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடுமோ என்று பயப்படுகிறவர் கொடுக்கும் சம்மதம் எத்தகையது என்பதை உத்தியோகஸ்தர்கள்தான் விளக்க வேண்டும்.

உத்தமபாளையம் தாலுகா கச்சேரியில் வருஷந்தோறும் ஜமாபந்தி கூடிக் கிராமக் கணக்குகளைப் பரிசோதிக்கிறது. புதிய பேரேட்டையும் அங்கேயும் கிராம சபைகளிலும் உரக்க வாசிக்கச் செய்யலாம். இன்ன சர்வே எண், இன்னார் பட்டா, இன்னார் சாகுபடி என்று வாசித்தால், "இல்லை ஐயா, அதில் பயிர் வைத்தவள் நான்" என்று எழுந்து சொல்ல அந்தச் சின்னமனூர் அம்மாளுக்கு ஓரிடம் கிடைக்கும்.